ஆமாம், அந்த ஃபைலை நீக்கியது நான்தான்

நான் அட்மினாக இருக்கும் நம் டெலிகிராம் புத்தகக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். இந்த வருடப் புத்தகக் கண்காட்சிக்கு வந்த நாவலை முழுசாக ஸ்கேன் செய்து ஒருவர் போட்டார். நீக்கினேன். மறுபடி போட்டார். மறுபடி நீக்கினேன். உடனே நான் நாட்டாமை, சர்வாதிகாரி, பதிப்பகத்தின் கைக்கூலி. அந்தக் கூலி எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கோப்பு பகிரும் குழு என்றால் எது வரலாம், எது வரக்கூடாது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்வது.

"நாலு பேர் படித்தால் உனக்கென்ன?" படிக்கட்டுமே! பாரதியின் எழுத்தை 1949லேயே அரசு வாங்கிவிட்டது, இன்று பொதுச்சொத்து. புதுமைப்பித்தனும் கல்கியும் நாட்டுடைமை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களை வைத்தே பழைய நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகமும் இருக்கிறது. இந்த இணைப்புகளையெல்லாம் குழுவின் உச்சியில் பின் செய்து வைத்தவனே நான்தான். யாராவது திறந்தீர்களா? போன மாதம் வந்த நாவல்தான் வேண்டும். 1957 சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. இந்த நாவலை எழுதியவரோ உயிரோடு இருக்கிறார். சில நூறு பிரதிகள் அச்சடித்து, அதையும் விற்க அலைந்துகொண்டிருக்கிறார்.

அட்மின் எட்டிப் பார்க்காத குழு எப்படியிருக்கும் என்று என் சித்தியைக் கேளுங்கள். குடும்ப நாவல் என்ற பெயரில் வந்ததைத் தொட்டார். அது பிடிஎஃப் இல்லை, ஏபிகே, அதாவது போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டார். வங்கியிலிருந்து வந்த ஓடிபியெல்லாம் அதுவே படித்து எவனுக்கோ அனுப்பிவிட்டது. "நான் யாருக்கும் நம்பர் சொல்லலையேடா" என்று இன்றைக்கும் புலம்புகிறார். அந்தக் குழுவிலும் ஃபுல் சுதந்திரம்தான்.

அப்புறம் சட்ட மேதைகள். அடுத்தவர் போட்டதற்கு வாட்ஸாப் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022ல் சொன்னது உண்மை. அதே ஆண்டில்தான், ஓர் ஆசிரியையின் போட்டித் தேர்வுப் பாடங்களைத் திருடிப் பகிர்ந்த சேனல்களின் பின்னால் யார் என்று சொல்லும்படி டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதையும் படித்துவிட்டு வாருங்கள். அட, சட்டத்தில் நான் மாட்டமாட்டேன் என்பதற்காகத் திருட்டுப் பிரதியை விட்டுவைக்கலாமா என்ன?

ஏழை மாணவர் எங்கே போவார் என்கிறீர்கள். சரி, நியாயமான கேள்வி. நூலகம் இருக்கிறது, அங்கே இல்லையென்றால் என்னிடம் கேட்கட்டும், என் பிரதியைத் தருகிறேன். ஆனால் அன்றைக்குச் சண்டைக்கு வந்தவர்களில் மாணவர் யார்? ஒருவர் டிபியில் புதுக் காருக்கு மாலை போட்டு நிற்கிறார்.

ராத்திரியெல்லாம் கடன் ஆப் விளம்பரத்தையும் ஆபாசப் படத்தையும் நீக்குகிறவனுக்கு இதுவரை ஒரு நன்றி வந்ததில்லை. வரவேண்டாம். கைக்கூலி என்று எழுதியவர் யார் என்பதுதான் வலிக்கிறது. எங்கேயும் கிடைக்காத சிற்றிதழ் ஒன்று ஆய்வுக்கு வேண்டும் என்றபோது, ஊர் ஊராக ஆட்களைப் பிடித்து வாங்கிப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கொடுத்தேனே, அவர்தான். அப்போது "அண்ணே, உங்களை மறக்க மாட்டேன்" என்றார். மறக்கவில்லை, பெயர் சொல்லித்தான் திட்டினார்.

இப்போது கட்டுப்பாடே இல்லாத புதுக் குழு தொடங்கியிருக்கிறாராம். நம்மில் பலரும் போயிருக்கிறீர்கள், பார்த்தேன். முதல் நாளே 'ஐந்து நிமிடத்தில் லோன்' வந்துவிட்டதாமே? நீக்கச் சொல்லி எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். அங்கே நான் அட்மின் இல்லை.