சோர்க் ஆறும் மரச்சக்கரங்களும்

தெற்கு பிரான்சின் லீல்-சூர்-லா-சோர்க் ஊரைப் பழம்பொருள் சந்தைக்காகவே உங்கள் கட்டுரையில் புகழ்ந்திருக்கிறீர்கள். சரி, ஆனால் அந்த ஊரை வாழவைத்தது அங்கே ஓடும் சோர்க் ஆறு அல்லவா! பாசி படர்ந்து, நீர் சொட்டச் சொட்டச் சுற்றும் மரச்சக்கரங்கள் ஒரு காலத்தில் கம்பளி, பட்டு, காகித ஆலைகளை ஓட்டியவை. 1808-இல் தொடங்கிய கம்பளி ஆலை ஒன்று இன்றும் அங்கே போர்வை நெய்கிறது. பக்கத்து ஊரான ஃபோன்டேன்-த-வோக்ளூஸில் உள்ள, 300 மீட்டருக்கும் ஆழமான ஊற்றிலிருந்து வருவதால் கோடையிலும் ஆற்றுத் தண்ணீர் சில்லென்றிருக்கும்.

அப்புறம் மீனவர்களின் தட்டையடிப் படகுகள். நின்றபடியே நீண்ட கழியால் உந்துவார்கள். ஆகஸ்டு முதல் ஞாயிறன்று அதே படகுகளில் காய்கறி, பழம், பூ, ரொட்டி பரப்பி ஆற்றிலேயே சந்தை நடத்துகிறார்கள். கவிஞர் ரெனே ஷார் 1907-இல் பிறந்ததும் இங்கேதான். அவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.