உறுமி கேட்டால் அருவாள் வருமா?

இந்த மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோவிலுக்குப் போயிருந்தோம். தங்கச்சி மகன் சென்னையில் வளர்ந்தவன், பத்து வயது. உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த முனகலை எழுப்பினார். பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "மாமா, யாரையாச்சும் வெட்டப் போறாங்களா?"

அங்கே எங்கள் பெரியப்பாவுக்கு அருள் வந்துகொண்டிருந்தது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். அழுதபடி திருநீறு வாங்கினார்கள். உறுமிதான் சாமியை அழைக்கிறது என்று அவனுக்குச் சொன்னேன். ஆனால் அவன் கேட்டது மனசை விட்டுப் போகவில்லை.

அவன்மேல் தப்பில்லை. சினிமாவில் மதுரை வந்தால் மேலிருந்து கோபுரம், அப்புறம் உறுமி, அடுத்த நிமிடம் அருவாள். இருபது வருசமாக இதையே காதில் ஏற்றியிருக்கிறார்கள். வைகை மணலில் ஒருத்தர் நடந்து வருகிறார் என்று வையுங்கள். பின்னால் நாயனம் ஒலித்தால் அவர் பெண்ணைப் பெற்றவர், உறுமி ஒலித்தால் கொலைகாரர். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இசை அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இவ்வளவு பலம் உள்ள ஒன்றைப் பழக்கதோஷத்தில் பயன்படுத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இசையைக் கதைக்குள் எப்படி வைக்கலாம் என்பதற்கு எங்கள் ஊர்க்காரர்களே சாட்சி. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். 'நலந்தானா' பாட்டை நினைத்துப் பாருங்கள். கத்திக்குத்துப் பட்டுப் பிழைத்து வந்த நாயனக்காரனிடம் ஆட்டக்காரி மோகனா நலம் விசாரிக்க வேண்டும். சுற்றிலும் சபை. நேராகக் கேட்க முடியாது, ஆடித்தான் கேட்க வேண்டும். அவன் வாயிலோ நாயனம். வாசிப்புதான் அவன் பதில். கே.வி. மகாதேவன் இசையமைத்த அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லாமல் போய்விடும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்குகிறது.

மதுரை ரத்தக் கதைகளிலும் இது நடந்திருக்கிறது. 2008இல் வந்த 'சுப்ரமணியபுரம்' 1980இல் நடக்கிற கதை. அந்தப் பையனும் பெண்ணும் பார்த்துக்கொள்ளும்போது அதே 1980இல் வந்த 'கல்லுக்குள் ஈரம்' படத்தின் 'சிறு பொன்மணி அசையும்' ஒலிக்கிறது. பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா இசை. டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வருசம், தெரு, வயசு மூன்றும் ஒரே நொடியில் வந்துவிடும். பின்னால் நடக்கும் துரோகம் அவ்வளவு வலிப்பதற்கு அந்தப் பாட்டும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பறைக்கும் இதே கதிதான். எங்கள் அப்பத்தா இறந்தபோது வீட்டு வாசலில் ஒரு அடி, பாடை தூக்கும்போது வேறு அடி, சுடுகாட்டு வழியில் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எது எங்கே நடக்கிறது என்று தெரியும். ஒரு சாவையே ஆரம்பம் முதல் முடிவு வரை சொல்லத் தெரிந்த வாத்தியம் அது. அதைப் போய்ச் சண்டைக் காட்சியில் சத்தம் கூட்ட மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

மதுரைக்கு லொக்கேஷன் பார்க்க வருகிற இயக்குநர்கள் அடுத்த தடவை இசையமைப்பாளரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு எல்லோரும்தான் வருகிறார்கள். மாசியில் வாருங்கள். ஏதாவது ஒரு குலசாமி கோவில் பொட்டலில் விடிய விடிய உட்காருங்கள். உறுமி அடிப்பவருக்குப் பக்கத்தில் இடம் நான் பிடித்துத் தருகிறேன்.