பாடுகிறவருக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும்

ஓபரா என்கிற, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடக மேடைக்கு வீடியோவும் அரங்க அமைப்பும் செய்கிற வேலையில் இருக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இந்த முறை எதிர்காலத் தோற்றம் வேண்டும்" என்று இயக்குநர் சொன்னதுமே மேசைக்கு வந்து சேரும் படங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான். நீல ஒளிக்கோடுகள், கண்ணாடிக் கோபுரம், மேடையின் முழு அகலத்துக்கும் எல்.இ.டி. சுவர், காற்றில் மிதக்கும் எழுத்துகள். எல்லோரும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். "இது எப்படிக் கேட்கும்?" என்று மட்டும் அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஓபராவில் அரங்கம் முதலில் காதுக்கு, பிறகுதான் கண்ணுக்கு. தொழில்நுட்பம் ஏற ஏற இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டே போகிறோம். இதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓபரா பாடகர் மைக் இல்லாமல் பாடுகிறார். எதிரே, மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது. அத்தனை வயலின்களையும் கொம்புகளையும் தாண்டி ஒரு மனிதத் தொண்டை கடைசி வரிசை வரை எப்படிப் போகிறது? ஆர்கெஸ்ட்ராவின் ஒலி வலு பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருக்கும். பயிற்சி பெற்ற பாடகர் தன் குரலில் சுமார் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தனி மினுக்கத்தைச் சேர்த்துக்கொள்கிறார். அங்கே ஆர்கெஸ்ட்ராவின் வலு குறைவு, நம் காதோ அங்கேதான் மிகக் கூர்மை. அந்த இடைவெளி வழியாகத்தான் குரல் வெளியே வருகிறது. பல வருட சாதகத்தில் கிடைத்தது அது. அதன் முன்னும் பின்னும் நாம் எதைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பது சின்ன விஷயமா?

எனக்கு இது புத்தகத்தில் படித்துப் புரியவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு தயாரிப்பில் வீடியோ உதவியாளராக இருந்தேன். பின்மேடை முழுக்க வலைக்கண் போன்ற எல்.இ.டி. திரை. பார்க்க அவ்வளவு அழகு: எரியும்போது நகரம், அணைந்தால் வெறும் இருட்டு. கடைசி அங்கத்தில் சொப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடகி, அந்தத் திரைக்கு முன்னால், மேடையின் ஆழத்தில் நின்று மிக மெல்லிய ஒரு வரியைப் பாட வேண்டும். தரையில் டேப் ஒட்டிக் குறித்திருந்தோம். ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த வரி வருவதற்குள் அவர் நாலு எட்டு முன்னால் வந்துவிடுவார். வந்தால் என் படம் அவர் தலைக்குப் பின்னால் பொருந்தாது. இயக்குநர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்.

இடைவேளையில் நானே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. திரையை நோக்கித் திரும்பி நின்று ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பாடிக் காட்டினார். பிறகு என்னைப் பக்கத்துச் செட்டின் மரத் தட்டிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் அதையே பாடினார். முதலாவது பஞ்சுக்குள் போன மாதிரி இருந்தது. இரண்டாவதில் என் நெஞ்சில் அதிர்வு தெரிந்தது. "அங்கே எனக்குப் பின்னால் சுவரே இல்லை. என் குரல் எனக்குத் திரும்பி வரவில்லை. வராவிட்டால் நான் அழுத்துவேன். அழுத்தினால் அந்த வரி செத்துவிடும்," என்றார். வலைக்கண் வழியாக ஒலி பின்னால் போய், மேலே திரைகளைத் தூக்கி வைக்கும் உயரமான கூண்டுக்குள் கரைந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை.

மறுநாள் தச்சர்கள் ஒரு ப்ளைவுட் பலகையைக் கறுப்படித்து, அவர் நிற்கும் இடத்துக்கு இரண்டு மீட்டர் பின்னால், பார்வையாளர்களைப் பார்த்து லேசாகச் சாய்த்து நிறுத்தினார்கள். அவர் குறித்த இடத்திலேயே நின்று பாடினார். என் நகரத்தில் நடுவே கறுப்பாக ஒரு ஓட்டை. அதைச் சுற்றிப் படத்தைத் திருத்த எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. அந்த இரண்டு ராத்திரியில் கற்றதுதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

சத்தம் இன்னொன்று. பெரிய புரொஜெக்டருக்கு விசிறி உண்டு, நகரும் விளக்குக்கு விசிறி உண்டு, மேடையை நகர்த்தும் மோட்டாருக்கு உறுமல் உண்டு. ராக் கச்சேரியில் இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஓபராவில் ஒரு பியானிசிமோவை, மிக மெல்லிய அந்த இடம் முழுவதையும், ஒரே ஒரு விசிறி தின்றுவிடும். இருபது விளக்குகளைத் தொங்கவிட்டுவிட்டு "அமைதியாகத்தானே இருக்கிறது" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: கண்ணை மூடிக்கொண்டு பத்தாவது வரிசையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இயக்குநர் ராபர்ட் லெபாஜ் 2010 முதல் 2012 வரை, இசையமைப்பாளர் வாக்னரின் 'ரிங்' தொடரில் உள்ள நான்கு ஓபராக்களையும் மேடையேற்றினார். எல்லாவற்றுக்கும் ஒரே அரங்க அமைப்பு: ஒரே அச்சில் கோத்த 24 நீளப் பலகைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே சுழலும். எடை சுமார் 45 டன். அதைத் தாங்க மேடைக்கு அடியில் இரும்பு உத்தரங்கள் போட வேண்டியிருந்தது. அந்தப் பலகைகளே ஆறு, மலை, குதிரை, கூரை எல்லாம். கற்பனையாகப் பார்த்தால் நான் தலைவணங்குவேன். ஆனால் முதல் இரவிலேயே, தேவர்கள் வானவில் பாலம் ஏறித் தங்கள் கோட்டையான வல்ஹாலாவுக்குள் நுழைய வேண்டிய கடைசிக் கட்டத்தில் இயந்திரம் அசையவில்லை. தேவர்கள் மேடையை விட்டு நடந்து போய்விட்டார்கள். பழுது எங்கும் வரும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மென்மையான இடங்களில் பலகைகள் கிரீச்சிட்டன என்று விமர்சகர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்களே, அதுதான் எனக்கு வலித்தது.

ஆனால் அதே தயாரிப்பில் ஒரு காட்சி. தொடக்கத்தில் ரைன் நதிக்கன்னியர் மூவர் கம்பிகளில் தொங்கியபடி பாடுகிறார்கள். அவர்கள் வாய் திறந்து பாடும்போது பின்னால் இருக்கும் தண்ணீரில் குமிழிகள் எழுகின்றன. முன்கூட்டியே செய்து வைத்த படம் இல்லை அது. குரலைக் கணினி கேட்டு, கேட்ட அந்தக் கணத்தில் குமிழியை உண்டாக்குகிறது. பாட்டு நின்றால் குமிழியும் நிற்கும். 45 டன் இரும்பைவிட அந்தக் குமிழிகளில்தான் எனக்கு எதிர்காலம் தெரிகிறது. ஒரு அரங்கம் பாடகரைக் கேட்கிறது!

இதன் அருமை புரிய ஓபராவின் காலக்கணக்கு தெரிய வேண்டும். இசை நடத்துநர் மாறினால் வேகம் மாறும். அதே நடத்துநர்கூட இன்று மாதிரி நாளை வாசிப்பிக்க மாட்டார். ஜெர்மனியில் வாக்னர் ஓபராக்களுக்கென்றே இருக்கும் பைராய்ட் அரங்கில் அவருடைய 'பார்சிஃபால்' ஓபராவை 1931இல் டோஸ்கனினி நடத்தியதற்கும் 1960களில் பியேர் பூலே நடத்தியதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம். ஒரே இசைப்பிரதி, ஒரே அரங்கம்! இதன்மேல் கடிகாரக் கணக்கில் ஓடும் வீடியோவை எப்படிப் பொருத்துவீர்கள்? முடியாது. அதனால்தான் எவ்வளவு பெரிய கணினி வைத்தாலும் பக்கத்தில் ஒரு மனிதர் இசைப்பிரதியைத் திறந்துவைத்து, ஒரு கண்ணை அதிலும் மறு கண்ணை நடத்துநரைக் காட்டும் மானிட்டரிலும் வைத்துக்கொண்டு, ஹெட்செட்டில் "இப்போது" என்று சொல்கிறார். எங்கள் வீடியோவை எல்லாம் துண்டு துண்டாக வெட்டி, அவர் சொல்லும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்படி செய்து வைப்போம். பாடகர் ஒரு உச்ச ஸ்வரத்தில் ஆசைப்பட்டு நின்றுவிட்டால் நகரமும் அவரோடு நிற்கும். ஒரே ஓட்டமாக மூன்று நிமிட அனிமேஷன் செய்து கொண்டுவந்து "இதற்கேற்பப் பாடச் சொல்லுங்கள்" என்ற வடிவமைப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பாடகரைக் கயிற்றில் கட்டி இழுக்கிற வேலை.

இந்தத் திசையில் இன்னும் ஆழமாகப் போனவர் இசையமைப்பாளர் டாட் மாக்கோவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேபில் அவர் குழு உருவாக்கிய 'டெத் அண்ட் த பவர்ஸ்' ஓபரா 2010இல் மோன்டே கார்லோவில் அரங்கேறியது. சாகப்போகும் ஒரு பணக்காரர் தன் நினைவையும் மனதையும் தன் வீட்டுக்குள்ளேயே ஏற்றிவிட்டு உடலை விட்டுவிடுகிறார். முதல் காட்சிக்குப் பிறகு அந்தப் பாடகர் மேடையில் இல்லை, மறைவில் நின்று பாடுகிறார். அவர் உடலில் உள்ள உணரிகள் மூச்சையும் கையசைவையும் அளக்கின்றன, மைக் குரலை எடுத்துக்கொள்கிறது. மேடையிலோ புத்தக அலமாரிச் சுவர்கள் அவர் மூச்சுக்கு ஏற்ப ஒளிர்ந்து துடிக்கின்றன. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் வீடும் பிடிக்கிறது. அதிலும் ரோபோக்கள் உண்டு, செய்தித்தாள்கள் அவற்றின் படத்தைத்தான் போட்டன. எனக்கு முக்கியம் அந்த அலமாரிகள். அவர் இல்லாத மேடையில் அவர் இருப்பதை வேறு எப்படிக் காட்ட முடியும்?

எல்லாம் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். 1640களில் வெனிஸில் ஜாக்கோமோ தொரெல்லி மேடைக்கு அடியில் வண்டிகளை ஓடவிட்டு, அவற்றை ஒரே உருளையில் கயிற்றால் பிணைத்து, எடைக்கல் ஒன்றை அவிழ்த்துவிட்டால் இரு பக்கத் தட்டிகளும் ஒரே சமயத்தில் மாறும்படி செய்தார். பார்வையாளர் கண்முன்னே காடு அரண்மனையாகிவிடும். ஸ்வீடனில் 1766இல் கட்டிய ட்ரோட்னிங்ஹோம் அரங்கத்தில் இந்த வகை இயந்திரம் இன்றும் இயங்குகிறது. அலைக்கு முறுக்கிய மர உருளைகள், இடிக்குக் கற்கள் உருளும் பெட்டி. முழுக்க மரம். மரத் தட்டி குரலைத் திருப்பித் தரும், கயிற்றை இழுப்பவர் இசையைக் கேட்டு இழுப்பார். நாம் இன்று உணரி வைத்து மீண்டும் அடைய முயல்வது அந்தக் கயிற்றுக்காரரின் காதைத்தான்.

பைராய்ட்டில் 2023இல் 'பார்சிஃபால்' ஓபராவுக்கு மிகைமெய்க் கண்ணாடி கொடுத்தார்கள், மேடைக் காட்சியின் மேல் கணினிப் படங்களைச் சேர்த்துக் காட்டுவது. 1900க்கும் மேற்பட்ட இருக்கைகளில் 330 பேருக்குத்தான் கண்ணாடி. மற்றவர்கள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். சோதனை செய்வதை நான் எதிர்க்கவில்லை, செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரே இரவில் ஒரே கூடத்தில் இரண்டு வேறு அரங்கங்கள் என்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. அந்தப் படங்களைப் பார்க்க, பாடகருக்கும் நமக்கும் நடுவே முகத்தில் இன்னொரு திரையையும் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்காலத்தை மேடையில் காட்டிய படைப்புகளில் நான் திரும்பத் திரும்பப் போவது ஸ்டாக்ஹோமில் 1959இல் அரங்கேறிய 'அனியாரா' ஓபராவுக்கு. செவ்வாய்க்குக் கிளம்பிய விண்கலம் வழிதவறி என்றென்றைக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் மீமா என்று ஒரு இயந்திரம், பயணிகளுக்குப் பூமியின் காட்சிகளைக் காட்டி ஆறுதல் தருவது. இசையமைப்பாளர் கார்ல்-பிர்கர் புளூம்டால் அந்த மீமாவை ஒலிநாடாவில் மின்னணு ஒலியாகச் செய்தார். விண்கலத்தின் கட்டையும் வண்ணமும் அந்தக் காலத்தோடு பழசாகிவிடும், எல்லா எதிர்காலத் தோற்றத்துக்கும் அதுதான் கதி. மீமாவின் ஒலியைக் கேட்டால் இன்றும் முதுகு சில்லிடுகிறது.

நடைமுறையில் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பொதுவாக அரங்க மாதிரி 1:25 அளவில் பெட்டிக்குள் தயாராகி, பணிமனைக்குப் போய், செட்டும் கட்டத் தொடங்கிய பிறகுதான் பாடகர்கள் முதல் நாள் ஒத்திகைக்கு வந்து அதைப் பார்க்கிறார்கள். கைதட்டுவார்கள். அப்போது எதையும் மாற்ற முடியாது. மாதிரிப் பெட்டி மேசையில் இருக்கும் அந்த முதல் மாதத்திலேயே ஒரு பாடகரையும் ஒலியியல் தெரிந்த ஒருவரையும் கூப்பிடுங்கள். வாங்கப்போகும் திரையில் நாலு துண்டை வாடகைக்கு எடுத்து நிறுத்தி, முன்னால் ஒருவரை நிற்கவைத்துப் பாடச் சொல்லுங்கள். ஒரு மதியம் போதும். என் மேசையில் இப்போது இருக்கும் பெட்டியில் நகரம் இன்னும் வரவில்லை. நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு அட்டை, லேசாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் முன்னால் ஒரு சின்ன உருவம். வியாழக்கிழமை பாடகர் ஒருவர் பார்க்க வருகிறார்.