டிராக் காத்திருக்காது

நேற்று ஓர் இளையோர் நாடகக் குழு போட்ட ‘பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ பார்த்துவிட்டு வந்தேன். அக்கா மகள் அதில் போலீஸ்காரர். கோரஸில் இடமிருந்து மூன்றாவது ஆள். ஒட்டு மீசையில் ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, அதைக் கடைசிவரை கண்டுகொள்ளாமல் விறைப்பாக நின்றாள். நகைச்சுவைக்கு அந்த விறைப்புதான் வேண்டும். ‘நான் இப்போது காமெடி பண்ணுகிறேன்’ என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு நடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பே வராது. இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லை.

ஆகவே என் குறை அவர்கள் மேல் இல்லை. பியானோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லேப்டாப் இருந்தது. எல்லாப் பாட்டுக்கும் முன்பே பதிவு செய்த இசைதான், அதாவது டிராக். என் புலம்பல் அதைப் பற்றியது.

கதை தெரியாதவர்களுக்கு: கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த பழைய ஆங்கில நகைச்சுவை இசை நாடகம் இது. பையனை பைலட்டிடம், அதாவது கப்பலுக்கு வழிகாட்டுபவரிடம், தொழில் பழகச் சேர்த்துவிடச் சொன்னால், காது மந்தமான தாதி பைரேட்டிடம், அதாவது கடற்கொள்ளையரிடம், சேர்த்துவிடுகிறாள். இருபத்தோராவது பிறந்தநாள் வரை ஒப்பந்தம். அவன் பிறந்ததோ பிப்ரவரி 29. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கொள்ளையர்கள் எல்லோரும் அனாதைகள். அதனால் அனாதைகளை மட்டும் தொடமாட்டார்கள். ஊருக்கே இது தெரிந்துபோய், பிடிபடுகிறவன் எல்லாம் ‘நானும் அனாதை’ என்று சொல்லித் தப்பிக்கிறான். மேஜர் ஜெனரலும் அதே பொய்யைச் சொல்கிறார். அங்கே ‘ஆர்ஃபன்’, ‘ஆஃபன்’ என்று ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களை வைத்து ஒரு நீண்ட குழப்பம். அனாதை என்கிறாரா, அடிக்கடி என்கிறாரா? இது வெறும் வசனம், பின்னால் இசை கிடையாது. ஜெனரலாக நடித்த பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. முதல் சிரிப்பு எழுந்ததும் வாயை மூடிக்கொண்டு நின்றான். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்தபோது, முழுக்க அடங்குவதற்கு முன்பே, அடுத்த வரியைப் போட்டான். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக வந்தது. மூன்றாவதில் அரங்கமே குலுங்கியது. இதை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, அவனாகக் கண்டுபிடித்தானா தெரியவில்லை. எதுவானாலும் பெரிய விஷயம்.

அதே பையனுக்குப் பாட்டில் நேர்ந்ததுதான் வயிற்றெரிச்சல். மேஜர் ஜெனரலின் பாட்டு மூச்சுவிட இடமில்லாத வேகப்பாட்டு. நடுவில் மூன்று இடங்களில் அவருக்கு எதுகை கிடைக்காமல் திணற வேண்டும். நாடகப் பிரதியிலேயே அப்படிக் குறிப்பு இருக்கிறது. தலையைச் சொறியலாம், கோரஸைப் பரிதாபமாகப் பார்க்கலாம், அரங்கத்தை எவ்வளவு நேரம் தவிக்க விடுகிறாரோ அவ்வளவுக்குச் சிரிப்பு. டிராக்கில் அந்த இடைவெளியை எவரோ எங்கோ முன்கூட்டியே அளந்து வைத்துவிட்டார்கள். பையன் நெற்றியில் விரலை வைத்தான், நாங்கள் சிரிக்கத் தொடங்கினோம், அதற்குள் இசை கிளம்பிவிட்டது. தேடாமலே கிடைத்துவிட்ட எதுகையைப் பிடித்துக்கொண்டு அவனும் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. பியானோவில் ஓர் ஆள் இருந்திருந்தால் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கி வைத்திருப்பார்.

போலீஸ்காரர்கள் பாட்டிலும் இதே கதி. ‘போகிறோம், போகிறோம்’ என்று வீராவேசமாகப் பாடிக்கொண்டு ஓர் அடிகூட நகராமல் நிற்பார்கள். ‘சரி, ஆனால் நீங்கள் போகவில்லையே!’ என்று ஜெனரல் கத்துவார். அந்த வரியே எங்கள் சிரிப்பில் மூழ்கிவிட்டது.

டிராக்குக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது எனக்கும் தெரியும். செலவு குறைவு, பிள்ளைகள் வீட்டிலேயே போட்டுப் பழகலாம், முழு ஆர்கெஸ்ட்ராவின் ஒலி கிடைக்கும். முதல் இரண்டும் நியாயம். மூன்றாவதை நான் ஏற்கமாட்டேன். இதே நாடகம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? கில்பர்ட், சல்லிவன் இருவரின் முந்தைய நாடகத்தை அமெரிக்காவில் ஆளாளுக்கு அனுமதியில்லாமல் போட்டார்கள். தடுக்கச் சட்டம் இல்லை. அதனால் இதை 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே முறைப்படி அரங்கேற்றினார்கள். பிரிட்டனில் உரிமையைக் காப்பாற்ற, அதற்கு முந்தைய நாள் பெயிண்டன் என்ற சிறிய ஊரில் பெயருக்கு ஒரு காட்சி. ஒரே ஒரு ஒத்திகை, கையில் தாள், பழைய நாடகத்தின் மாலுமி உடை. கொள்ளையர் என்று காட்டத் தலையில் கைக்குட்டை! (கொள்ளைக்குப் பயந்து கொள்ளையர் நாடகத்தை இப்படிக் காப்பாற்றியது எனக்கு எப்போதும் பிடித்த வேடிக்கை.) அப்படிப் பிறந்த நாடகத்துக்கு நாற்பது வயலின் ஒலி இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சுமாராக வாசிக்கிற ஒருவர் போதும், மேடையைப் பார்க்கத் தெரிந்தவராக இருந்தால்.

அதுவும் முடியாதென்றால், லேப்டாப்பை இயக்குகிறவரிடமாவது நிறுத்தித் தொடங்கும் உரிமையைக் கொடுங்கள். திணறும் அந்த மூன்று இடங்களில் டிராக்கை வெட்டி வைத்தால் போதும். அப்புறம் கடைசி வார ஒத்திகைக்கு வெளி ஆட்கள் பத்துப் பேரைக் கூப்பிடுங்கள், பெற்றோரை அல்ல. பெற்றோர் பிள்ளை மேடையேறியதுமே சிரிப்பார்கள். அது பாசம். ஜோக் எங்கே விழுகிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். மீசையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வாடியிருந்தது.

“என்னடி, இவ்வளவு நல்லா பண்ணிட்டு?”

“போலீஸ் பாட்டுக்கு யாருமே சிரிக்கலையே சித்தி.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்திருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன். மேடை ஓரத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், டிராக் சரியாகக் கேட்கட்டும் என்று, பிள்ளைகளைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.