சம்பளம் போட முடியாத பல்கலைக்கழகங்கள்: முடிச்சு எங்கே இருக்கிறது?

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் சம்பளம் நிற்கும்போதெல்லாம் ஆர்ப்பாட்டம் நடக்கிறது, சில கோடி விடுவிக்கிறார்கள், சில மாதத்தில் மறுபடி அதே நிலை. பணம் ஏன் நின்றது என்று கோப்பைப் பிரித்துப் பார்க்காமல் இது தீராது.

முதல் முடிச்சு தணிக்கைத் தடை, அதாவது கணக்குத் தணிக்கையில் எழும் ஆட்சேபணை. அனுமதித்த பணியிடத்துக்கு மேல் ஆள் எடுத்தது, ஒப்புதல் இல்லாமல் பதவி உயர்வு கொடுத்தது, முன்பணம் வாங்கி ரசீது வைக்காதது எல்லாம் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடையாக விழும். அதைக் காட்டி மானியத்தைக் குறைப்பார்கள். குறைந்ததைப் பல்கலைக்கழகம் கையிருப்பிலிருந்து போடும். அதுவும் தீர்ந்தால் ஓய்வூதிய நிதியில் கை வைக்கும். 1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். அவர்கள் வரிசையாக ஓய்வு பெறும் இந்த நேரத்தில்தான் அந்த நிதி காலியாகக் கிடக்கிறது. வயிறு எரிகிறது.

மானியம் சுருங்கினால் வரியும் வரும். வருமான வரிச் சட்டப்படி, அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்று விலக்குப் பெற, மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் 2024 பிப்ரவரியில் முடக்கப்பட்டது இப்படி ஏறிய வரி பாக்கிக்காகத்தான்.

இதைவிட ஆழமான காயம் காலிப் பணியிடம். ஒரு துறையில் 12 இடம், இருப்பது 4 பேர் என்று வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வு மாணவர்களை வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுகூட இல்லாதவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. நாலு பேரில் இரண்டு பேர் அப்படி என்றால் புதிய ஆய்வு மாணவர்களை எடுக்க அந்தத் துறையில் இரண்டே பேர்தான் மிஞ்சுவார்கள். கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் வந்து வகுப்பெடுத்தாலும் ஆய்வு நெறியாளராக முடியாது. ஆய்வுத் திட்டம் வராது, கட்டுரை குறையும், உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பு தரும் மதிப்பெண் இறங்கும். அந்த மதிப்பெண் 4-க்கு 3.01-க்குக் கீழே போய், தேசியத் தரவரிசையில் முதல் 100-க்குள்ளும் இல்லையென்றால் தொலைநிலைக் கல்விக்கு அனுமதி கிடைக்காது. பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த வருமானம் என்று கையில் வந்ததில் முக்கியமானது தொலைநிலைக் கல்விக் கட்டணம். ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்தது இங்கே வந்து கழிகிறது.

ஆள் எடுக்கலாம் என்றாலும், தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தர்தான் தலைவர். அந்த நாற்காலியே காலி என்றால் நேர்காணல் எப்படி நடக்கும்?

செய்ய வேண்டியது இது. தணிக்கைத் தடைகளை ஆண்டுவாரியாக இரண்டாகப் பிரிக்க வேண்டும். ரசீது, பட்டியல் வைத்தால் தீர்பவை ஒரு பக்கம், அரசு பின்னேற்பு ஆணை (முன்பே நடந்துவிட்டதற்குப் பிறகு ஒப்புதல் தரும் ஆணை) தேவைப்படுபவை இன்னொரு பக்கம். முதல் வகையைத் தணிக்கைத் துறையோடு கூட்டு அமர்வு போட்டு அலுவலக மட்டத்திலேயே முடிக்கலாம். தாமதிக்கத் தாமதிக்க, கையெழுத்துப் போட்ட அலுவலர் ஓய்வு பெற்றுவிடுவார், ரசீதுக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லவும் ஆள் இருக்காது. இரண்டாவது வகைக்கு நிதித்துறை ஒரே ஆணையில் முடிவு சொல்லட்டும். ஓய்வூதிய நிதியைத் தனிக் கணக்கில் போட்டு, சம்பளத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாதபடி பூட்டட்டும்.