சினிக் என்ற பெயருக்கு உரியவர்கள்

ரத்ததானம் செய்தால் விளம்பரத்துக்கு என்பார்கள். வெள்ளத்தில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் "தேர்தல் வருதுல்ல" என்பார்கள். யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பாமல், நம்புகிறவரையும் இளக்காரமாகப் பார்க்கிற இந்த ஆட்களைத்தான் இன்று சினிக் என்கிறோம். அந்தப் பெயரை இவர்களுக்குக் கொடுத்தது பெரிய அநியாயம் என்பது என் கட்சி.

சினிக் என்ற சொல், பழங்காலக் கிரேக்கத் தத்துவக் கூட்டம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'கியூனிகோஸ்' என்றால் நாய் போன்றவர். அந்தக் கூட்டத்தின் முன்னோடி என்று சொல்லப்படும் அந்திஸ்தெனீஸ் பேசிவந்த ஏதென்ஸ் உடற்பயிற்சிக்கூடம் கியூனோசார்கெஸ். அந்தப் பெயரிலேயே நாய் இருப்பதால் அங்கிருந்து வந்தது என்பார்கள் சிலர். தெருவிலேயே தின்று தெருவிலேயே தூங்கியவர்களை ஊரார் திட்டிய வசை என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஏனென்றால் அந்தக் கூட்டத்திலேயே பேர்போன டயோஜெனீஸ் அந்த வசையைத் தானே எடுத்துச் சூட்டிக்கொண்டார். ஏன் நாய் என்று கேட்டதற்கு, "கொடுப்பவரிடம் வாலாட்டுவேன், மறுப்பவரைப் பார்த்துக் குரைப்பேன், அயோக்கியரைக் கடிப்பேன்" என்றாராம்.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவை சுமார் 500 ஆண்டுகள் கழித்து டயோஜெனீஸ் லயர்டியஸ் என்ற வேறொருவர், தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்தவர், எழுதிவைத்தவை. அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் எப்படிப்பட்ட மனிதராக நம் டயோஜெனீஸை நினைவில் வைத்திருந்தார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. கருங்கடல் கரையிலுள்ள சினோப்பில் நாணய மோசடிப் புகாரில் சிக்கி ஊரைவிட்டு வந்தவர், ஏதென்ஸில் ஒரு பெரிய மண்தாழிக்குள் குடியிருந்தார். ஒரு சிறுவன் கையால் தண்ணீர் அள்ளிக் குடிப்பதைப் பார்த்ததும், தன்னிடமிருந்த குவளையையும் தூக்கி எறிந்துவிட்டார். பட்டப்பகலில் விளக்கோடு "மனிதனைத் தேடுகிறேன்" என்று அலைந்த கதையை, உலகத்தில் யோக்கியனே இல்லை என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். இல்லவே இல்லை என்று முடிவுகட்டியவர் எதற்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

அவர் வழியில் வந்தவர் தீப்ஸ் நகரத்து கிராட்டெஸ். இருந்த சொத்தையெல்லாம் துறந்தவர். வீடு வீடாகப் போய் நல்லது கெட்டது சொல்வார் என்பதால் 'கதவு திறப்பவர்' என்றே அவருக்குப் பெயர். பெற்றோர் எவ்வளவோ தடுத்தும் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள் ஹிப்பார்க்கியா. விருந்துகளுக்கும் அவரோடு சேர்ந்தே போனாள். அப்படி ஒரு விருந்தில், தறியை விட்டுவிட்டு வந்தவள் இவள்தானா என்று ஒருவன் குத்திக் கேட்டான். "நான்தான். தறியில் வீணாக்கியிருக்கக்கூடிய நேரத்தைப் படிப்பில் செலவழித்தது தப்பா?" என்றாள். அப்பா, என்ன பதில்!

இவர்கள் ஊர் வழக்கத்தைத்தான் ஏளனம் செய்தார்கள். அறத்தை முழுசாக நம்பினார்கள், அதற்காகக் கையிலிருந்ததை விட்டார்கள். காலப்போக்கில் அந்த ஏளனம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. நம்பிக்கை கழன்று போனது. இன்றைய சினிக் எதை விட்டுக்கொடுத்தார், சொல்லுங்கள்?

ஜெர்மன் மொழியில் பழைய தத்துவத்துக்கு 'கியூனிஸ்முஸ்', இன்றைய குணத்துக்கு 'ட்சூனிஸ்முஸ்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழில் எழுதும்போதும் டயோஜெனீஸ் கூட்டத்தைக் 'கியூனிக்குகள்' என்றே எழுதலாமே.