அதே அட்டவணையில் 45 மணி நேரமும் இருக்கிறது

வருஷத்துக்கு 200 நாள் வேலை பார்க்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியமா என்று உங்கள் கட்டுரை கேட்கிறது. அந்த 200 நாள், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 1 முதல் 5 வகுப்பு வரைக்குச் சொன்ன குறைந்தபட்சம். 6 முதல் 8 வரை 220 நாள். பாடத் தயாரிப்பையும் சேர்த்து ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்றும் அதே அட்டவணையில் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? என் மனைவி ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறார். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது விதி, வகுப்போ ஐந்து. கரும்பலகையை சாக்பீஸால் மூன்றாகக் கோடு கிழித்து, ஒரு பக்கம் கழித்தல் கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கம் திரும்பி ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதக் கை பிடிப்பார். கூட இருப்பவர் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்பும் இவர் தலையில்தான். நோட்டுத் திருத்துவது ராத்திரி, வீட்டுத் தரையில் உட்கார்ந்து. தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் ஆசிரியரை அனுப்ப அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. ஓய்வூதியமும் எல்லோருக்கும் சும்மா வந்ததில்லை. தமிழ்நாட்டில் 1.4.2003-லிருந்து சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் போட்டு, அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் மாதாமாதம் பிடித்தார்கள். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், தனியார் வேலையில் தனக்கு ஓய்வூதியமே இல்லை என்று எழுதியிருக்கிறார். அவர் வருத்தம் நியாயம். அவருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்பேன், ஆசிரியருக்கு இருப்பதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன்.